மிளகு ‘லேசு’ என்று விலை குறைத்தால்

மிளகுக் கொடியை வெட்டிவிடலாமா என்று யோசிக்கிறீர்களா? வேண்டாம், பறிக்கும் நாளை மாற்றுங்கள். தாண்டிக்குடியில் காப்பிக்கு நடுவே நிற்கும் உங்கள் அறுபது கொடி மிளகை வியாபாரி ‘லேசு’ (அளவுக்கேற்ற எடை இல்லை) என்று சொல்லி விலை குறைக்கிறார் என்றால், பெரும்பாலும் காய் முற்றுமுன் பறித்திருப்பீர்கள். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவக்கும் வரை பொறுக்க வேண்டும் (குருவிக்குப் பயந்து முந்திக்கொள்வது எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான்).

ஒரு லிட்டர் படியில் காய்ந்த மிளகைத் தலைதட்டி அளந்து எடை போடுங்கள். 550 கிராம் நின்றால் நல்ல சரக்கு, தைரியமாக வேறு ஆளிடம் காட்டுங்கள். 500க்கு வெகு கீழே இறங்கினால் வியாபாரி சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அப்புறம், சரியாகக் காயாத மிளகில் இந்தக் கணக்கை நம்பாதீர்கள்; கடித்தால் படக்கென்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் இரண்டு வெயில் காட்டிவிட்டு அளந்து பாருங்கள்.