டயாலிசிஸ் வார்டில் எதை வாசிப்பது?

அன்புள்ள ஐயா,

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன், ஓய்வுபெற்ற ஆசிரியை. நூலகத்தில் பழக்கமான நாங்கள் நாலைந்து பேர், டயாலிசிஸ் செய்துகொள்ள வருகிறவர்களுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டலாம் என்று இருக்கிறோம். நம்பிக்கையூட்டும் நூல்களாகச் சில சொல்லுங்களேன். ‘எல்லார் கையிலும் செல்போன் இருக்கு, உன் வாசிப்பை யாரும்மா கேட்பாங்க’ என்று மகன் சிரிக்கிறான். நிஜமாகவே இதில் பலன் உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சரியான வார்டைத்தான் பிடித்திருக்கிறீர்கள். ஒரு தடவை டயாலிசிஸ் என்றால் ஏறக்குறைய 4 மணி நேரம். ஊசி ஏற்றிய கையை அசைக்கக் கூடாது. மல்லாந்து படுத்து ஒற்றைக் கையால் பக்கம் புரட்டிப் பாருங்கள், சிரமம் புரியும். இன்னொன்று, அங்கே வருகிறவர்களில் நிறையப் பேர் சர்க்கரை நோயாளிகள். சிறுநீரகத்தைக் கெடுத்த சர்க்கரை பலருக்கு விழித்திரையையும் சும்மா விடுவதில்லை. செல்போன் எழுத்தெல்லாம் புகைமூட்டமாகத்தான் தெரியும். மகனிடம் இதைச் சொல்லுங்கள்.

நம்பிக்கையூட்டும் நூல்கள் மட்டும் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பஸ் பிடித்து வந்து படுப்பவரிடம் ‘உன்னால் முடியும்’ என்று ஆரம்பித்தால் கண்ணை மூடிக்கொள்வார். தூங்கிவிட்டார் என்று நினைக்காதீர்கள். உறவினருக்குத் துணையாக அப்படியொரு வார்டில் இருந்தபோது நாளிதழைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில் ஓமலூர்க்காரர் தலையங்கம் முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு, “மரவள்ளிக்குப் பாயிண்டுக்கு என்ன தர்றாங்களாம், அதைப் படிங்க” என்றார். கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து என்று பார்த்துப் பாயிண்ட் கணக்கில் விலை வைக்கும் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளைப் பற்றி அப்புறம் அவர் பேச, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். தலையங்கத்தை யாரும் தேடவில்லை.

ஆகவே ஊர் விஷயமாகவே எடுத்துப் போங்கள். ஏற்காடு சாலையில் 1935இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் பற்றி இரண்டு பக்கம் வாசியுங்கள். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956இல் அங்கிருந்துதான் வந்தது. பாதியிலேயே யாராவது குறுக்கிட்டு, ஷூட்டிங் பார்க்கப் போய் வாசலில் நின்ற கதையைச் சொல்வார். புத்தகத்தை மூடிவிடுங்கள்.

பலனைப் பற்றி: வாசிப்பதால் ரத்தத்தில் சேரும் கிரியேட்டினின் என்ற கழிவு குறையாது, அப்படி யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். இங்கிலாந்தின் லிவர்பூலில் ‘தி ரீடர்’ என்ற அமைப்பு, சிலரை உட்காரவைத்துக் கதை, கவிதைகளைச் சத்தமாக வாசித்து, இடையிடையே நிறுத்திப் பேசுகிறது. நாள்பட்ட வலி உள்ளவர்களிடம் இது மனநிலைக்கு உதவியது என்று அங்கே ஆய்வும் செய்திருக்கிறார்கள். சிறிய ஆய்வுதான். ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பது நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை, திரௌபதி அம்மன் கோயில்களில் நாள்கணக்கில் பாரதம் படிக்கக் கேட்டவர்கள் அந்தக் கட்டில்களிலேயே இருப்பார்கள்.

முதலில் மருத்துவமனையின் ஆர்.எம்.ஓ.வை, அதாவது உறைவிட மருத்துவ அதிகாரியைப் பார்த்து அனுமதி வாங்குங்கள். இயந்திரத்தோடு இணைக்கிற நேரத்தில் சிஸ்டர்களுக்குக் குறுக்கே நிற்க வேண்டாம். கடைசி ஒரு மணி நேரத்தில் சிலருக்குக் கால் குரக்களி இழுக்கும், பிரஷர் இறங்கும். நடுவில் உள்ள இரண்டு மணி நேரம்தான் உங்களுடையது. சளி இருந்தால் அன்றைக்குப் போகாதீர்கள். ‘இன்னைக்கு வேண்டாம்மா’ என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்காமல் அடுத்த கட்டிலுக்கு நகருங்கள்.

பெரும்பாலும் அதே கிழமையில் அதே ஆட்கள்தான் வருவார்கள் என்பதால் தொடர்கதையே வாசிக்கலாம். கிழமை தவறாமல் உங்களால் போக முடியுமானால் மட்டும். இல்லையென்றால் சிறுகதையே போதும்.