மதபீடங்களும் வெறுப்பு இயக்கங்களும்: மதுரை வட்டார வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

திருமங்கலம் வாசகர்: ஐயா, அமெரிக்காவின் கூ க்ளக்ஸ் கிளான் ஒரு வன்முறைக் கும்பல்தானே? தேவாலயங்களுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

பதில்: நெருங்கிய தொடர்பு உண்டு. 1915இல் ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டன் குன்றின் மேல் சிலுவையைக் கொளுத்தி அவ்வியக்கத்துக்கு மறுபிறவி கொடுத்த வில்லியம் சிம்மன்ஸ், மெதடிஸ்ட் சபையில் போதகராக இருந்தவர். 1920களில் அது கறுப்பினத்தாரோடு கத்தோலிக்கரையும் யூதரையும் பகைத்தது. நாடு வந்தேறிகளின் கைக்குப் போகிறது என்று முழங்கியது. ஆள் சேர்க்க ஓர் ஊருக்குச் செல்பவர்கள் புராட்டஸ்டண்ட் போதகரைத்தான் முதலில் நாடுவார்கள். அவரிடம் சந்தா வாங்க மாட்டார்கள். ஞாயிறு ஆராதனையின் நடுவே, வெள்ளை அங்கியும் முகமூடியும் அணிந்த சிலர் வரிசையாக உள்ளே நுழைந்து, பணம் வைத்த உறையைப் போதகர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் வெளியேறுவது அக்காலத்தில் பல ஊர்களில் நடந்தது. அவர் நன்றி கூறி அதை வாங்கிக்கொண்ட பிறகு, இவர்கள் தீயவர்கள் என்று சபையில் யார் சொல்லத் துணிவார்கள்? கொடுத்த பணத்தைவிடப் பெற்ற நற்பெயரே கிளானுக்குப் பெரிய வரவு என்பேன்.

தல்லாகுளம் மாணவி: அரசியல்வாதிகள் மதத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான் என்று சொல்லலாமா, ஐயா?

பதில்: சொல்ல இயலாது, அம்மா. தென்னாப்பிரிக்காவில் நிறவெறியை அரசின் கொள்கையாக்கிய கட்சி ஆட்சிக்கு வந்தது 1948இல். அங்குள்ள வெள்ளையர் பலரின் திருச்சபையான டச்சு சீர்திருத்தச் சபையோ 1857இலேயே, 'சிலருடைய பலவீனத்தை' முன்னிட்டு, வெள்ளையரல்லாத விசுவாசிகள் தனியே வழிபடலாம் என்று தீர்மானித்துவிட்டது. விதிவிலக்காகத் தொடங்கிய பிரிவினைக்குப் பின்னர் வேத வசனங்களே ஆதாரமாகக் காட்டப்பட்டன.

மேலூர் வாசகர்: நம் மதுரையில் இத்தகையது நடந்ததா?

பதில்: இங்கு எதிர்ப்பு வந்தேறிகள் மீதன்று, சொந்த மண்ணின் மக்கள் மீது. 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர், கோயில் நுழைவு மறுக்கப்பட்டிருந்த சாதிகளைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டோரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றபோது, சன்னிதி தீட்டுப்பட்டது என்று கூறிப் பட்டர்கள் பலர் பூசைக்கு வர மறுத்தனர். அந்த மறுப்பு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. ஆனால் அழைத்துச் சென்ற ஐயரும் ஆழ்ந்த பக்தர் என்பதை மறக்கலாகாது.

உசிலம்பட்டி வாசகர்: மதகுருமார் எதிர்த்து நின்றதே இல்லையா?

பதில்: நின்றிருக்கிறார்கள். திருச்சபையை நாஜிக் கொள்கைக்கு வளைக்க முயன்றவர்களை எதிர்த்து, 1934இல் ஜெர்மனியின் பார்மன் நகரில் கூடியவர்கள் துணிவோடு ஓர் அறிக்கை வெளியிட்டனர். எனினும் அதில் யூதர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதை எழுதியவர்களில் முதன்மையானவரான இறையியலாளர் கார்ல் பார்த், அந்த மௌனம் தம் குற்றமே என்று முதுமையில் ஒப்புக்கொண்டார்.