பழைய பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள்

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறேன். நான்கு மாதம் முன்பு என் டீசல் காருக்குப் பக்கத்துத் தெரு ஒர்க்‌ஷாப்பில் டைமிங் பெல்ட்டும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் மாற்றினேன். ‘கம்பெனி ஒரிஜினல்’ என்று சொல்லி 14,500 ரூபாய் வாங்கினார்கள். ஜிபேயில் கட்டினேன். துண்டுச் சீட்டில் தொகை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். 5,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, மதுரவாயல் பைபாஸில் எஞ்சின் நின்றுவிட்டது. அண்ணா நகரில் ஒரு மூத்த மெக்கானிக் பிரித்துப் பார்த்தார். டென்ஷனர் பேரிங் இறுகி, பெல்ட் அறுந்து, வால்வுகள் வளைந்துவிட்டன, டென்ஷனரே டூப்ளிகேட் என்கிறார். செலவு 62,000 ஆகுமாம். பழைய ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், ‘கடையில் கொடுத்ததைத்தானே போட்டோம்’ என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: வழி இருக்கிறது. ஆனால் வேலையை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டீர்களா? இல்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள். அந்த டென்ஷனரும் அறுந்த பெல்ட்டும் வளைந்த வால்வுகளும்தான் உங்கள் வழக்கே. பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டால், அப்புறம் யார் வாதாடியும் பயனில்லை. இன்றே படம் எடுத்து, பாகங்களைப் பையில் கட்டி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

‘கடையில் கொடுத்தது’ என்ற பதில் செல்லாது. நீங்கள் பணம் கொடுத்தது ஒர்க்‌ஷாப்புக்கு. அவர்கள் புதுப்பேட்டையில் வாங்கினார்களா, ஜெனரல் பீட்டர்ஸ் ரோட்டில் வாங்கினார்களா என்பது அவர்களுக்கும் கடைக்காரருக்கும் உள்ள கணக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு. டூப்ளிகேட்டை ஒரிஜினல் என்று விற்பது முறையற்ற வணிக நடவடிக்கையும்கூட. முறையான பில் தராததையும் அதே சட்டம் அப்படித்தான் பார்க்கிறது. ஆகவே துண்டுச் சீட்டைக் கண்டு தளர வேண்டாம். ஜிபே பதிவும், அவர்களோடு வாட்ஸ்அப்பில் பேசியது இருந்தால் அதுவும் சேர்ந்தால் போதும்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும்? ‘பாகம் நல்ல பாகம்தான், வேறு கோளாறு’ என்பார்கள். இங்கேதான் அந்த அண்ணா நகர் மெக்கானிக் உங்களுக்குப் பெரிய துணை. பார்ட் நம்பர் பொறித்த விதம், தயாரிப்பாளர் முத்திரை, பேரிங்கின் ஆட்டம் என்று கை பழகியவர் பார்த்துச் சொல்வதை நுகர்வோர் ஆணைய உறுப்பினர்கள் தாங்களாகக் கண்டுபிடிக்க முடியாது. அவரிடம் எழுத்தில் வாங்குங்கள்: ஓடிய கிலோமீட்டர், எது முதலில் பழுதானது, பெல்ட் அறுந்ததும் பிஸ்டன் வால்வில் இடித்தது எப்படி, டூப்ளிகேட் என்று எதை வைத்துச் சொல்கிறார். அங்கீகாரம் பெற்ற டீலரிடம் பில்லோடு ஒரு ஒரிஜினல் டென்ஷனர் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். எப்படியும் புதிதாகப் போட அது தேவைதானே.

பாகம் ஒரிஜினல்தான் என்று முடிவானாலும், பெல்ட்டை அதிகமாக இறுக்கிப் பூட்டியதால் பேரிங் போயிருந்தால், அதுவும் அவர்கள் கை வேலையின் குறைதான். பாகத்தை நீங்களே வாங்கிக் கொடுத்திருந்தால்தான் பாகத்துக்கான பொறுப்பு உங்கள் பக்கம் திரும்பும்.

ஒரு மெக்கானிக்குக்கு எதிராக இன்னொருவர் எழுதிக் கொடுக்கத் தயங்குவார். அது இயல்பு, அவர்மேல் வருத்தப்படாதீர்கள். அப்படியானால் வாகன இன்சூரன்ஸ் சர்வேயர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்து அறிக்கை வாங்குங்கள். அந்தச் செலவையும் மனுவில் கேட்கலாம்.

அடுத்து ஒர்க்‌ஷாப்புக்கு ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ். ஒரு வாரத்துக்குள் வந்து பாகங்களைப் பார்க்கலாம் என்று நாள் குறித்து எழுதுங்கள். வராமல் போனால், ‘எங்களுக்குக் காட்டாமலே சரிசெய்துவிட்டார்’ என்று பிறகு சொல்ல முடியாது. அந்த நாள் கடந்ததும் வண்டியைச் சரிசெய்யலாம், ஆனால் பழைய பாகங்கள் உங்களிடமே இருக்கட்டும்.

பதில் வரவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்து பாருங்கள். சில நேரம் அதிலேயே முடிந்துவிடும். இல்லாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுங்கள். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்.

எவ்வளவு கேட்பது? 14,500, 62,000, வண்டியை இழுத்து வந்த செலவு, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை. ஐந்து லட்சம் பத்து லட்சம் என்று எழுதாதீர்கள், பில் உள்ள பணத்துக்கே வலு அதிகம்.