வெயிலில் வளையும் சறுக்குக் குழாய்

பாலக்கோட்டில் உங்கள் மகன் ஸ்கேட்போர்டில் (சக்கரம் பூட்டிய பலகை) ஏறிக் குழாய்மேல் சறுக்கிப் பழகக் கொல்லையில் பொருத்திய 3 மீட்டர் பிவிசி குழாய், மதிய வெயிலில் நடுவில் மேலெழுந்து வளைவதாக எழுதியிருந்தீர்கள். குழாய்மீது குறையில்லை, இரு முனைகளையும் திருகாணியால் இறுக்கியதே காரணம். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் பிவிசி மீட்டருக்குச் சுமார் 0.06 மி.மீ. நீளும் என்பதால், வெப்பம் 30 டிகிரி கூடும்போது உங்கள் குழாய் 5 மி.மீ.க்கு மேல் நீள முயன்று, இடமில்லாமல் வளைகிறது. ஒரு முனையை மட்டும் இறுக்கிவிட்டு, மற்ற திருகாணிகளுக்குக் குழாயின் நீளவாக்கில் நீண்ட துளையிட்டுச் சற்றுத் தளர்வாக விடுங்கள். அடியில் முழுநீள மரச்சட்டம் அவசியம். மெல்லிய வடிகால் குழாயைவிட, நம் பக்கம் போர்வெல் போட்டபின் மிஞ்சும் தடித்த கேசிங் (துளையின் உட்சுவராக இறக்கும் குழாய்) துண்டே நல்லது. பலகையின் அடிப்பகுதியால் சறுக்க மட்டும் இது உதவும். சக்கர அச்சின் உலோகம் உரசினால் பிவிசி விரைவில் கீறிப்போகும், அதற்கு இரும்புக் குழாய்தான்.