பொட்டு ஆட்டு மந்தைக்கு நெல்லூர்க் கிடா எதற்கு?

கேள்வி: விளாத்திகுளம் வட்டம், புதூர் பக்கம் எங்கள் ஊர். 70 பொட்டு ஆடுகள் (வேம்பூர்ச் செம்மறி) வைத்திருக்கிறேன். அப்பா காலத்து மந்தை. இரண்டு வருடமாகக் குட்டிகள் சிறுத்துப் பிறக்கின்றன. மூன்று மாதக் குட்டிக்கு முன்பு இருந்த எடை இப்போது இல்லை. சில ஆடுகள் சினை பிடிக்காமல் தள்ளிப்போகின்றன. இந்த ஈத்தில் இரண்டு குட்டிகளுக்குக் கீழ்த்தாடை உள்வாங்கி இருந்தது. பால் குடிக்க முடியாமல் செத்துவிட்டன. கிடா நான்கு வருடமாக ஒன்றுதான், எங்கள் மந்தையிலேயே பிறந்தது, ஆள் நல்ல வாட்டசாட்டம். குடற்புழு மருந்து, தாது உப்பு, தடுப்பூசி எதிலும் குறை வைக்கவில்லை. நெல்லூர்க் கிடா ஒன்று 45,000 ரூபாய்க்கு வருகிறது, அதை விட்டால் ஒரே ஈத்தில் குட்டி பெருத்துவிடும் என்கிறார் வியாபாரி. வாங்கலாமா? விலை சரிதானா?

பதில்: வாங்க வேண்டாம் அண்ணாச்சி. எனவே விலையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

வியாபாரி சொன்னது பொய் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுச் செம்மறிகளிலேயே உயரமானது நெல்லூர் ஆடு. அந்தக் கிடாவை விட்டால் முதல் ஈத்துக் குட்டி கண்ணுக்குத் தெரிகிற அளவு பெருக்கும். அந்தப் பெருக்கத்துக்கு என்ன காரணம் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை, கிடா விற்றால் போதும்.

காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. "நான்கு வருடமாக ஒன்றுதான், எங்கள் மந்தையிலேயே பிறந்தது" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். அந்தக் கிடா தன் தாயோடும் அக்கா தங்கைகளோடும் சேர்ந்தது, இப்போது சொந்த மகள்களோடு சேர்ந்துகொண்டிருக்கிறது. சிறுத்த குட்டி, தள்ளிப்போகிற சினை, உள்வாங்கிய தாடை எல்லாம் நெருங்கிய ரத்தத்தில் சேர்ப்பதால் வருகிற கோளாறுகள். தாது உப்பு இதைத் தீர்க்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்டைகளின் எண்ணிக்கையைக் கிடாக்களின் எண்ணிக்கையால் பெருக்கி, வருவதை நான்கால் பெருக்கி, இரண்டும் சேர்ந்த மொத்தத்தால் வகுக்க வேண்டும். 70 பெட்டை, 1 கிடா என்றால் 280-ஐ 71-ஆல் வகுக்கிறோம். ஏறக்குறைய 4 வரும். பட்டியில் 71 தலை நின்றாலும் இனவிருத்திக் கணக்கில் உங்களிடம் இருப்பது நாலே ஆடு. ஒவ்வொரு தலைமுறைக்கும் எட்டில் ஒரு பங்கு வீதம் ரத்த உறவு நெருங்கிக்கொண்டே போகும். இதே 70 பெட்டைக்கு 4 கிடா வைத்தால் அந்த நாலு 15 ஆகிவிடும். தேசிய கால்நடை இயக்கத்தின் மானியத் திட்டத்தில்கூட 100 பெட்டைக்கு 5 கிடா என்றுதான் வைத்திருக்கிறார்கள்.

இப்போது நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். உறவில்லாத எந்தக் கிடாவை விட்டாலும் இந்தக் கோளாறு ஒரே தலைமுறையில் பெருமளவு மறைந்துவிடும். அது நெல்லூராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மேலக்கரந்தையிலோ நாகலாபுரத்திலோ உங்கள் மந்தையோடு தொடர்பில்லாத ஒரு பொட்டுக் கிடாவைப் பிடித்துவந்து விட்டுப் பாருங்கள். நெல்லூர்க் கிடாவின் சாதனை என்று நீங்கள் நினைக்கப்போகிற எடையில் நல்ல பங்கு அதிலேயே கிடைக்கும். மிச்சமுள்ள உயரம் நெல்லூர் ரத்தத்தால் வருவதுதான், மறுக்கவில்லை. ஆனால் கலப்புக் குட்டிகளை அவற்றுக்குள்ளேயே சேர்த்தால், கலப்பால் வந்த வீரியம் அடுத்த தலைமுறையிலேயே பாதியாகக் குறையும். அப்போது வியாபாரி இன்னொரு கிடாவோடு வருவார்.

எனக்கு நெடுநாளாக ஒரு ஆதங்கம் உண்டு. நம் ஊரில் நல்ல கிடாவுக்குக் குட்டி போட வாய்ப்பே தருவதில்லை. பக்ரீத்துக்கு எதை விற்கிறோம்? நெஞ்சு அகன்ற, எடை ஏறிய, முதலில் வளர்ந்த குட்டியை. தீபாவளிக்கும் அப்படித்தான். சாமிக்கு நேர்ந்தவர் நோஞ்சானை வெட்டுவாரா? வாட்டசாட்டமான குட்டி ஒவ்வொன்றும் இரண்டு பல் போடும் முன்பே கறியாகிவிடுகிறது. யாரும் விலை கேட்காத கிடா மந்தையிலேயே நின்று, அடுத்த தலைமுறைக்கு அப்பனாகிறது. வருஷாவருஷம் மட்டமானதைத் தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்துவிட்டு, நாட்டு ஆடு வளராது என்று இனத்தின் மேல் பழி போடுகிறோம். உங்கள் கிடா வாட்டசாட்டமானது என்கிறீர்கள், நல்லது, பலரைவிட நீங்கள் மேல். ஆனால் ஒரே கிடாவை நான்கு வருடம் வைத்ததில் அந்த நன்மை போய்விட்டது.

முன்பு இதற்கு ஒரு தடுப்பு இருந்தது. சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா கொடை வரும்வரை ஊருக்குள் சும்மா திரியும். யார் வயலில் மேய்ந்தாலும் விரட்ட மாட்டார்கள், எந்த மந்தையில் நுழைந்தாலும் அடிக்க மாட்டார்கள். கழுத்தை நீட்டும் முன்பு ஊர்ப் பெட்டைகளில் பாதிக்கு அது குட்டி கொடுத்திருக்கும். கோயில் காளை செய்த வேலையும் இதுவேதான். இப்போது நேர்த்திக்கடன் கிடாவைக் கொடைக்கு முந்தின வாரம் எட்டயபுரம் சந்தையில் வாங்கி, வண்டியில் ஏற்றி, நேராகக் கோயிலில் இறக்குகிறார்கள். சாமிக்குக் குறை இல்லை. மந்தைக்குத்தான் இழப்பு. என் யோசனை இதுதான்: உங்கள் வீட்டு நேர்த்திக்கடனுக்கு இரண்டு வருடம் முன்பே நல்ல குட்டியாகப் பார்த்து நேர்ந்துவிடுங்கள். அது இன்னொருவர் மந்தையில் வேலை செய்யட்டும்.

பொட்டு ஆட்டையே ஏன் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று உங்கள் மகன் கேட்கலாம். கிடா சராசரி 35 கிலோ, பெட்டை 28 கிலோ, பெரும்பாலும் ஒற்றைக் குட்டி. தராசில் மட்டும் பார்த்தால் தோற்கிற ஆடுதான். ஆனால் சித்திரை வெயிலில் கரிசல் வெடித்துக் கிடக்கும்போது பருத்திக் கட்டை, மிளகாய்க் கட்டை, உதிர்ந்த சருகு, சீமைக்கருவேல நெத்து என்று பொறுக்கித் தின்று, நாள் முழுக்க நடந்து, ராத்திரி இன்னொருவர் புஞ்சையில் எருவுக்காகக் கிடை படுக்கிறதே, அந்த வருமானத்தைத் தராசில் எப்படி நிறுப்பீர்கள்? "ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம்" என்று சும்மா சொல்லவில்லை. கிடைக்கு ராத்திரிக்கு இவ்வளவு என்று மந்தையை நடத்தும் கீதாரி பேசி வாங்கும் பணத்தில் தீவனச் செலவு கிடையாது. பெரிய உடம்புக்கு ஏற்ற தீனி கேட்கிற கிடாவின் குட்டிகளை இந்த நடைக்குக் கூட்டிப் போய்ப் பாருங்கள், ஆனி மாதம் என்ன மிஞ்சுகிறது என்று தெரியும். கிடை நின்றுபோனால் கரிசல் புஞ்சைக்காரரும் யூரியா மூட்டைக்குத்தான் போக வேண்டும்.

இதற்காக நாட்டு இனத்துக்கு நோயே வராது என்று மேடையில் பேசுபவர்களையும் நம்பிவிடாதீர்கள். ஐப்பசி மழையில் நீலநாக்கு நோய் வந்தால் பொட்டு ஆடும் சாகும். தடுப்பூசியை விடாதீர்கள்.

வேம்பூர் ஆட்டின் தாயகமே வேம்பூர், மேலக்கரந்தை, கீழக்கரந்தை, நாகலாபுரம், அச்சங்குளம் என்று ஒரு கைப்பிடி ஊர்கள்தான். நோய் வந்தால் நூறு சாகும், மிச்சம் பிழைத்து மறுபடி பெருகும். வெளி இனக் கிடா அப்படி இல்லை. ஒரே கிடா வருடத்துக்கு 70 குட்டியைக் கலப்பாக்கிவிடும். அதன் மகன்களைப் பக்கத்து ஊர்க்காரர் வாங்கிப் போவார். ஒரு ஆடுகூடச் சாகாமலே இனம் போய்விடும். அதனால்தான் இந்த விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன்.

வியாபாரிகள் விஷயம். வீடியோவில் கிடாவைக் குளிப்பாட்டி நிறுத்தி "ஒரிஜினல்" என்று சொல்பவரிடம் அதன் தாயைக் காட்டச் சொல்லுங்கள். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். "குட்டியை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்வோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிக் கம்பெனிகள் கவிழ்ந்ததே, அவர்களும் இதையேதான் சொன்னார்கள். தென்னாப்பிரிக்க இனமான டார்பர் கிடா விற்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

இவ்வளவு சொல்லியும் கறிக்குக் கலப்புக் குட்டி வேண்டும் என்று தோன்றினால், வயதான பெட்டைகளில் பதினைந்தை மட்டும் தனியாகப் பிரித்து அதற்கு வையுங்கள். அதில் பிறக்கிற குட்டி ஒன்றுவிடாமல் கறிக்குப் போக வேண்டும். அழகாக இருக்கிறது என்று ஒரு பெட்டைக்குட்டியைக்கூட மந்தையில் சேர்க்கக் கூடாது. இந்தக் கட்டுப்பாடு உங்களால் முடியாது என்றால் தொடங்கவே வேண்டாம்.

45,000 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்து ஊர்களில் பொட்டு மந்தை வைத்திருக்கும் மூன்று நான்கு பேரைத் தேடிப் பேசுங்கள். ஆளுக்குச் சில கிடா வைத்துக்கொண்டு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரே திசையில் மாற்றிக்கொள்ளுங்கள். உங்களுடையது அச்சங்குளத்துக்கு, அச்சங்குளத்துக் கிடா நாகலாபுரத்துக்கு, நாகலாபுரத்துக் கிடா உங்களுக்கு. திசை மாறக் கூடாது. மகள்களில் பெரும்பாலானவை சினைக்கு நிற்கும் முன்பு அப்பன் ஊரைவிட்டுப் போயிருக்கும். எந்தக் குட்டிக்கு எது அப்பன் என்று ஒரு நோட்டில் எழுதிக் காதில் எண் போட்ட தோடு மாட்டுங்கள். கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் நாட்டு இனம் காப்பவர்களுக்கு விருது தருகிறது. நாளைக்கு அதற்கோ வேறு உதவிக்கோ விண்ணப்பிக்க வேண்டுமென்றால் அந்த நோட்டுதான் உங்களுக்குச் சாட்சி. புதுக் கிடாவை மூன்று வாரம் தனியாகக் கட்டி, ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட்ட பிறகு மந்தையில் விடுவது உங்களுக்கே தெரியும்.

இப்போதுள்ள கிடாவை மட்டும் இந்த மாற்றில் சேர்க்காதீர்கள். தாடைக் கோளாறு அதன் ரத்தத்தில் இருக்க வாய்ப்பு அதிகம், இன்னொருவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. அடுத்த சனிக்கிழமை எட்டயபுரத்துக்குக் கொண்டுபோய்க் கறிக்கு விற்றுவிடுங்கள். இனவிருத்திக்கு என்று யாராவது கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். மந்தையில் நிற்கும் அதன் மகன்களும் கறிக்குத்தான்.