சாக்லேட் சிப்ஸ் எல்லாம் கேக்குக்கு அடியில் இறங்கிவிடுகிறதா? முதலில் தயிரைப் பாருங்கள்

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "லீவில் வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கொடுக்க சாக்லேட் சிப்ஸ் கேக் செய்கிறேன். ஆச்சி முட்டை சேர்க்கமாட்டார்கள், அதனால் தயிர் ஊற்றித்தான் செய்வது. வெளிநாட்டு வீடியோ ஒன்றைப் பார்த்து அளவு மாறாமல் செய்தும் சிப்ஸ் மொத்தமும் அடியில் போய் டின்னோடு ஒட்டிக்கொள்கிறது, நடுவில் குழியும் விழுகிறது. சிப்ஸை மைதாவில் புரட்டிப் போட்டுப் பார்த்தேன், அதற்கும் சரிவரவில்லை. எந்த இடத்தில் தவறுகிறது?"

மாவு நீர்த்துப்போகிற இடத்தில்தான். சிப்ஸ் கனமானது, மாவு தளர்வாக இருந்தால் அது இறங்காமல் என்ன செய்யும்? மைதாவில் புரட்டுவது கெட்டியான மாவில் கொஞ்சம் உதவும், தண்ணீராக ஓடும் மாவில் ஒன்றும் ஆகாது. அந்த வீடியோக்காரர்கள் ஊற்றுவது பெரும்பாலும் கடையில் வாங்கிய கெட்டித் தயிர். நம் வீட்டில் உறை ஊற்றிய தயிர் சித்திரை வெயிலில் மதியத்துக்குள் புளித்துத் தண்ணீர் விட்டுவிடும். அதே ஒரு கப்தான், ஆனால் உள்ளே போகும் தண்ணீர் அதிகம். அதனால் தயிரை ஒரு மெல்லிய துணியில் கட்டி அரை மணி நேரம் தொங்கவிடுங்கள், அதுவும் ஃபிரிட்ஜுக்குள், வெளியே விட்டால் மேலும் புளிக்கும். அன்று காலையில் உறைந்த, அதிகம் புளிக்காத தயிராக இருந்தால் நல்லது.

வெளிநாட்டுக் குறிப்புகளில் எல்லாப் பொருளும் 'ரூம் டெம்பரேச்சரில்' இருக்க வேண்டும் என்பார்கள். அது 20, 22 டிகிரி இருக்கும் அறை. இந்த சிப்ஸ் சமாச்சாரமே 1930-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ரூத் வேக்ஃபீல்டு என்ற அம்மா சாக்லேட்டைத் துண்டு போட்டு குக்கி சுட்டதில் பிரபலமானதுதான், அந்த ஊர்க் குளிர் வேறு. காரைக்குடியில் மே மாத மதியம் அடுப்படி 35 டிகிரியை ஒட்டி நிற்கும். சாக்லேட்டில் இருக்கும் கொழுப்பான கோகோ பட்டர் 34 டிகிரிவாக்கில் உருகிவிடும். அப்படியென்றால் நல்ல சாக்லேட் ஓவனுக்குள் போவதற்கு முன்பே, உங்கள் கிண்ணத்திலேயே இளகிப் பிசுபிசுக்க ஆரம்பித்துவிடும். சிப்ஸை ஃப்ரீசரில் வைத்திருந்து, மாவு தயாரான பிறகு கடைசியாக எடுத்து நேராக மாவில் கொட்டுங்கள். வெளியே எடுத்து வைத்துக் காத்திருந்தால் அதன்மேல் தண்ணீர் கோக்கும்.

கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் காம்பவுண்ட் சிப்ஸ், அதாவது கோகோ பட்டருக்குப் பதில் வேறு கொழுப்பு போட்டது, அட்டையில் 'ஹைட்ரஜனேற்றப்பட்ட தாவரக் கொழுப்பு' என்று இருக்கும். வெயிலைத் தாங்கும், உருவமும் கலையாது, ஆனால் வாயில் மெழுகுபோல் நிற்கும். எனக்கு அது பிடிக்காது. கோகோ பட்டர் போட்ட டார்க் சாக்லேட் பாரை வாங்கி, ஃபிரிட்ஜில் வைத்து, பட்டாணி அளவுக்குக் கத்தியால் நறுக்கிக்கொள்ளுங்கள். நறுக்கும்போது உதிரும் தூளைச் சலித்து எடுத்துவிடுங்கள், அது கலந்தால் கேக் முழுக்க அழுக்குப் பழுப்பாகிவிடும். அந்தத் தூளைப் பாலில் போட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

சரி, அளவுக்கு வருவோம். 8 அங்குலச் சதுர டின்னுக்கு மைதா 200 கிராம், சர்க்கரை 150 கிராம், வடிகட்டிய தயிர் 200 கிராம், சூரியகாந்தி எண்ணெய் 80 மில்லி, பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன் (தலை தட்டி), வெனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, சாக்லேட் 120 கிராம். நம் சர்க்கரை பருமணியாக இருப்பதால் மிக்ஸியில் பொடித்துக்கொள்ளுங்கள். வெண்ணெய் வேண்டாம், இந்த வெயிலில் அது நுரைக்க அடிப்பதற்குள் எண்ணெயாகிவிடும், செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயும் வேண்டாம், வாசனை வென்றுவிடும்.

முதலில் ஓவனை 180 டிகிரியில் சூடேற விட்டுவிட்டுத்தான் கலக்கவே ஆரம்பிக்க வேண்டும். தயிரும் சோடாவும் சேர்ந்த நிமிஷத்திலிருந்து காற்று வர ஆரம்பித்துவிடும், மாவைக் கலந்து வைத்துவிட்டு ஓவன் சூடாகட்டும் என்று நின்றால் அந்தக் காற்று மாவிலேயே வீணாகிப்போகும், உங்கள் நடுக் குழிக்கு அது ஒரு காரணம். இன்னொன்று, 20 நிமிஷத்திலேயே கதவைத் திறந்து பார்ப்பது. சோடா கூடினாலும் இதேதான், வேகமாக எழும்பி அப்படியே உட்காரும்.

தயிர், சர்க்கரை, எண்ணெய், எசென்ஸை நன்றாக அடித்துவிட்டு, சலித்த மாவுக் கலவையைப் போட்டு மேலும் கீழுமாகப் புரட்டுங்கள். வெள்ளை மாவு கண்ணில் படாதபோது நிறுத்திவிட வேண்டும், அடித்துக்கொண்டே இருந்தால் கேக் ரப்பராகும். பதம் கேட்டால், வெள்ளைப் பணியார மாவுக்கும் உளுந்து வடை மாவுக்கும் நடுவில். கரண்டியைத் தூக்கினால் ஒழுகக் கூடாது, தொப்பென்று விழ வேண்டும். ரொம்பக் கெட்டி என்றால் இரண்டு ஸ்பூன் பால்.

இப்போது சிப்ஸ். சாக்லேட் சேர்க்காத கலந்த மாவில் கால் பங்கை எடுத்து, எண்ணெய் தடவி பட்டர் பேப்பர் போட்ட டின்னில் மெல்லிசாகப் பரப்பிவிடுங்கள். மிச்ச மாவில் சாக்லேட்டைக் கலந்து அதன்மேல் ஊற்றுங்கள், ஒரு கைப்பிடி மட்டும் மேலே தூவ வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு துண்டு இறங்கினாலும் அடியில் இருக்கும் மாவு தாங்கிக்கொள்ளும், டின்னில் ஒட்டாது. நடுத் தட்டில் 30 முதல் 35 நிமிஷம். குச்சி விட்டுப் பார்க்கும்போது பளபளப்பாகப் பழுப்பு ஒட்டினால் அது உருகிய சாக்லேட், கவலை இல்லை. வெளிறிய பசை ஒட்டினால் வேகவில்லை. வேறு இடத்தில் குத்திப் பாருங்கள்.

ஓடிஜியை, அதாவது மேசைமேல் வைக்கும் மின்சார ஓவனை, பழைய வீட்டின் சின்ன ப்ளக்கில் மாட்டாதீர்கள். பெரும்பாலான ஓடிஜிக்கு 16 ஆம்பியர் பவர் ப்ளக் வேண்டும், பழைய ஒயரில் சூடு ஏறினால் ஆபத்து. அப்படி ப்ளக் இல்லையென்றால் குழிப்பணியாரச் சட்டி இருக்கிறதே! நெய் தடவி, குழிக்கு முக்கால் மாவு ஊற்றி, நடுவில் இரண்டு சாக்லேட் துண்டை அழுத்தி, மூடி போட்டு மிகச் சின்னத் தீயில் வைத்து, மேலே பிசுக்குப் போனதும் ஒருமுறை திருப்பிவிடுங்கள்.

ஆறிய பிறகே வெட்டுங்கள். தயிர் போட்டதால் இந்த வெயிலில் ஒரு நாளுக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம், டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, சாப்பிடுவதற்கு முன் கொஞ்ச நேரம் வெளியே எடுத்து வைத்தால் போதும். சாக்லேட் துண்டின்மேல் மட்டும் வெள்ளை பூத்த மாதிரி தெரிந்தால் அது அதன் கொழுப்புதான், கெட்டுப்போகவில்லை, தாராளமாகச் சாப்பிடலாம்.