"முகம் சரியாகட்டும், அப்புறம் போகலாம்" என்று எத்தனை நாள்?

கேள்வி: எனக்கு 20 வயது, மதுரையில் இன்ஜினீயரிங் படிக்கிறேன். கன்னம், தாடை எல்லாம் பரு. போட்டோ எடுப்பார்களே என்று நண்பனின் அக்கா கல்யாணத்துக்கே போகவில்லை. செமினார் என்றால் லீவு. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த கிரீம் போட்டால் நாலு நாள் பளிச்சென்று இருக்கிறது, நிறுத்தினால் முன்பைவிட மோசம். "ஆம்பளப் பையனுக்கு மூஞ்சியப் பத்தி என்னடா கவலை" என்கிறார் அப்பா. நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

பதில்: இல்லை தம்பி. பரு எத்தனை இருக்கிறது என்பதை வைத்து மனக்கஷ்டத்தை அளக்க முடியாது, முகம் முழுக்க இருந்தும் ஊர் சுற்றுகிறவர்கள் உண்டு, நாலே நாலு வந்ததற்கு அறையைப் பூட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. பிரிட்டனில் லட்சக்கணக்கானவர்களின் மருத்துவப் பதிவுகளை அலசி 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், பரு என்று டாக்டர் சொன்ன முதல் வருடத்தில் மன அழுத்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. இதை அப்பாவிடமும் சொல்லுங்கள். ஆனால் பருவைப் பற்றிப் பேசாமல், எத்தனை வகுப்புக்கு மட்டம் போட்டீர்கள், எங்கெல்லாம் போகாமல் விட்டீர்கள் என்று சொல்லுங்கள், அது அவருக்கு உறைக்கும்.

முதலில் அந்த கிரீம். ட்யூபைத் திருப்பிப் பாருங்கள், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பையும் வீக்கத்தையும் சட்டென்று அமுக்கும், நாளாக நாளாகத் தோலை மெலிய வைத்து, பருவையும் அதுவே கிளப்பிவிடும். டாக்டர் சீட்டில்லாமல் இதை முகத்துக்கு எடுத்துக் கொடுப்பது அநியாயம், ஆனாலும் தினமும் நடக்கிறது. அந்த ட்யூபையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே தோல் டாக்டரைப் பாருங்கள், ராஜாஜி ஆஸ்பத்திரியிலேயே தோல் பிரிவு இருக்கிறது. முறையான மருந்து வேலை செய்வது கண்ணுக்குத் தெரியவே 8 முதல் 12 வாரம் ஆகலாம், பத்து நாளில் கைவிட்டுவிடாதீர்கள். ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எழுதினால், மனசு இப்படிக் கிடப்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அந்த மாத்திரை சாப்பிடும்போது மனநிலையையும் கவனிக்க வேண்டும்.

பஜ்ஜியால் வந்தது, உடம்புச் சூட்டால் வந்தது என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம். கிள்ளுவதை மட்டும் நிறுத்துங்கள். பரு போய்விடும், கிள்ளிய தழும்பு போகாது.

இந்த 12 வாரமும் அறைக்குள் காத்திருக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒளிய ஒளியப் பயம் கூடுமே தவிர குறையாது. அடுத்த செமினாருக்குப் போங்கள், சுமாராகப் பேசினால் போதும்.

தூக்கமே இல்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழ்ந்து என்ன என்றெல்லாம் தோன்றினால் தோல் டாக்டரோடு மட்டும் நிற்கக் கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.